பழைய மினி லாரியை மாற்றுவதா, என்ஜின் வேலை பார்த்து ஓட்டுவதா?

பதினைந்து ஆண்டைத் தாண்டிய டீசல் லாரியை வைத்துத் தொழில் செய்கிற ஒவ்வொருவருக்கும், இந்த வண்டிக்கு மேலும் பணம் போடுவதா அல்லது இதைக் கழித்துவிட்டுப் புது வண்டி எடுப்பதா என்ற கேள்வி ஒரு கட்டத்தில் வந்தே தீரும். எங்கள் கடைக்கு அது இந்த முறை எஃப்சி என்கிற தகுதிச் சான்றுக்கான வேலைகளைத் தொடங்கியபோது வந்தது. நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலத்தை ஒட்டி நாங்கள் சிமெண்ட், கம்பி, ஹாலோ பிளாக், எம்-சாண்ட் விற்கிறோம். வாங்குகிறவர்களில் ஒரு பகுதியினர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் வீடு கட்டுகிறவர்கள். மற்றவர்கள் கொல்லிமலை மேல் இருப்பவர்கள். 2009 இல் பதிவான, பின்னால் இரட்டைச் சக்கரம் கொண்ட ஒரு மினி லாரிதான் இத்தனை ஆண்டுகளும் இந்த இரண்டு பக்கத்து லோடையும் சுமந்தது. 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஐம்பது ஏற்றினால் இரண்டரை டன். அதுதான் அதன் அளவான லோடு.

இந்த முடிவுக்காக நான் பார்த்த கணக்கையும் வண்டியின் அடியில் பார்த்த நிலையையும் விரிவாக எழுதக் காரணம் உண்டு. விசாரித்த இடங்களிலெல்லாம் எனக்குக் கிடைத்தவை இரண்டே பதில்கள்தாம். பழைய வண்டிதான் உழைக்கும், விட்டுவிடாதீர்கள் என்றார்கள் சிலர். பழசுக்குச் செலவு செய்வது வீண், புதிதாக எடுங்கள் என்றார்கள் வேறு சிலர். இரு தரப்பினருமே வண்டியைப் பார்க்காமல்தான் சொன்னார்கள். எனக்கு இப்போது தோன்றுவது இதுதான்: என்ஜினை வைத்து இந்த முடிவை எடுக்கக் கூடாது, வண்டியின் அடிச்சட்டமான சேஸியை வைத்து எடுக்க வேண்டும், பணக் கணக்குகூட அதற்குப் பிறகுதான்.

முதலில் என்ஜினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தது, மேட்டில் இழுவை குறைந்தது, ஆயில் குறைவது கூடியது, புகையில் நீலம் கலந்தது. பட்டறையில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிவிட்டு என்ஜினை ஐடிலில் ஓடவிட்டபோது அந்தத் துவாரத்தின் வழியே புகை விட்டுவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது இதைத்தான். டீசல் என்ஜினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி அழுத்தி அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைக்கிற அமைப்பு அது. பிஸ்டன் ஓடுகிற லைனரும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும் தேய்ந்துவிட்டால் அழுத்தம் கீழே கசிந்துவிடும், சூடு போதாது, டீசல் முழுதாக எரியாது. நான் மேலே சொன்ன அத்தனை அறிகுறிகளும் அந்த ஒரே காரணத்திலிருந்து வருபவை.

லைனர், பிஸ்டன், ரிங் செட், பேரிங்குகள், கிராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை, பம்ப் நாசில் சர்வீஸ், கூலி எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குள் முடித்துத் தருவதாக மெக்கானிக் சொன்னார். 2009 இல் எங்கள் மாவட்டத்தில் பதிவான வண்டி என்பதால் இது பிஎஸ்-2 என்ற பழைய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வகை. மின்னணுக் கட்டுப்பாடு ஏதும் இல்லாத, முழுக்க இயந்திரத்தால் இயங்கும் பம்ப். ஸ்பேனரும் அனுபவமும் உள்ள எவரும் பிரித்துப் பூட்டலாம். உதிரிப் பாகங்களோ ராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ அன்றைக்கே கிடைத்துவிடும். லாரித் தொழிலை நம்பியே பாதி வாழ்கிற மாவட்டத்தில் இருப்பதன் வசதி அது. ஒன்றரை லட்சத்தில் இன்னும் ஐந்தாறு ஆண்டு ஓட்டலாம் என்றால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது.

ஆனால் அந்த மெக்கானிக் வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு நிபந்தனை வைத்தார். “இன்ஜினை எப்ப வேணும்னாலும் கட்டிக்கலாங்க தம்பி. மொதல்ல பாடியை இறக்கி சேஸியைப் பாத்துருவோம். அது நல்லா இருந்தாத்தான் இந்தச் செலவுக்கு அர்த்தம்” என்றார். வேலை கிடைத்தால் போதும் என்று நினைக்காமல் அவர் இதைச் சொன்னது எவ்வளவு பெரிய உதவி என்பது மறுநாள் தெரிந்தது.

பாடியின் போல்ட்டுகளைக் கழற்றி, செயின் பிளாக்கில் தூக்கி, சேஸியைத் தனியே நிறுத்தினோம். மேலே பார்க்கும்போது கறுப்புப் பெயிண்ட் பளபளப்பாகத்தான் இருந்தது. ஆண்டுதோறும் எஃப்சிக்கு முன் அடிப்பது அது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்ததும், பாடியின் நீளக் கட்டைகள் சேஸியின் மேல் உட்காருகிற இடமெங்கும் பெயிண்டோடு சேர்ந்து இரும்பும் ஏடு ஏடாக உரிந்து வந்தது. எம்-சாண்ட் கிரஷரிலிருந்து ஈரமாகவே வரும். அந்தத் தண்ணீர் பலகை இடுக்குகளின் வழியே வடிந்து, மரக்கட்டைக்கும் சேஸிக்கும் நடுவே மெல்லிய மணலாகப் படிந்து, காயவே காயாமல் அங்கேயே இருந்துவிடும். வெளியில் எவ்வளவு கழுவினாலும் அந்த இடத்துக்குக் கை போகாது.

அதைவிடப் பெரிய பிரச்சினை பின் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் பிராக்கெட் அருகில் இருந்தது. மெக்கானிக் அந்த இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் தடவினார்; சற்று நேரம் விட்டு, துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, சாக்பீஸைப் பொடித்துத் தூவினார். வெள்ளைப் பொடியின் நடுவே, ரிவெட் துளையிலிருந்து கிளம்பிக் கீழ்ப்பக்க மடிப்பை நோக்கி, விரல் நீளத்துக்கு ஓர் ஈரக் கோடு மெதுவாக எழுந்தது. விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் பொடியில் ஊறி மேலே வருவதால் ஏற்படும் கோடு அது. எதிர்ப்பக்கத்திலும் பார்த்தோம். அங்கே முன்பு எப்போதோ வெல்டு வைத்த தடமும், அந்த வெல்டின் ஓரத்திலேயே புதிதாகத் தொடங்கிய இன்னொரு கோடும் இருந்தன.

சேஸி விரிசலை வெல்டு வைத்துச் சரிசெய்ய முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாம், எங்கள் பக்கத்தில் பல வண்டிகள் அப்படித்தான் ஓடுகின்றன. விரிசலின் முனையில் ஒரு துளை போட்டு அது மேலும் ஓடாமல் தடுத்து, பிறகு வெல்டு வைத்து, உள்பக்கம் ஒரு பிளேட் சேர்த்து இறுக்குவது முறையான வழி. ஆனால் சேஸிக்குப் பயன்படுத்துவது சாதாரண இரும்பு அல்ல, வளைந்து கொடுத்துத் திரும்பி நிமிர்வதற்கென்றே தேர்ந்தெடுத்த எஃகு. வெல்டின் சூடு பட்ட பகுதி அந்தக் குணத்தை இழக்கிறது. வெல்டு பிடித்த இடம் விறைத்துக்கொள்ள, வளைய வேண்டிய சுமை முழுவதும் அதன் விளிம்புக்குப் போகிறது. அதனால்தான் பழைய வெல்டின் ஓரத்தில் புது விரிசல் வந்திருந்தது. துரு ஏறித் தடிமன் குறைந்த சேஸியில், இரண்டு பக்கமும், அதுவும் பின் ஆக்சில் சுமை முழுவதையும் தாங்குகிற பிராக்கெட்டின் அருகில் இப்படி இருந்தால், சமவெளியில் மெதுவாக ஓட்டுவதற்கே யோசிக்க வேண்டும்.

எங்கள் வண்டிக்குச் சமவெளி மட்டும் போதாது என்பதுதான் சிக்கல். காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளியிலிருந்து மேலேறும் கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் உள்பக்கச் சக்கரம் ஒரு மட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் வேறொரு மட்டத்திலும் ஏறும்போது, சேஸியின் முன்பகுதி ஒரு பக்கமும் பின்பகுதி மறுபக்கமுமாக முறுக்கிக்கொள்ளும். லோடு வண்டியின் சேஸி அப்படி முறுக்கிக் கொடுக்கும்படிதான் செய்யப்படுகிறது. ஆனால் ஒரே நடையில் எழுபது முறை ஏற்றத்தில், எழுபது முறை இறக்கத்தில் என்று பதினாறு ஆண்டுகள் முறுக்கிய இரும்பு அது. ஸ்பிரிங் பிராக்கெட் விட்டுப் பின் ஆக்சில் விலகினால், இறக்கத்தில் பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. அந்த வண்டியில் உட்கார்ந்திருப்பது நானல்ல, எங்கள் டிரைவர் அண்ணன். அவருக்குப் பக்கத்தில் லோடு இறக்கும் இரண்டு பேர். எதிரே வருவது பள்ளிப் பிள்ளைகள் ஏறிய பேருந்தாக இருக்கலாம்.

இந்த இடத்திலேயே என் முடிவு பெரும்பாலும் ஆகிவிட்டது. என்றாலும், பணக் கணக்கையும் நேர்மையாகப் போட்டுப் பார்த்தேன், அது என் முடிவுக்கு எதிராக இருந்தால் அதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. அது ஓரளவு எதிராகத்தான் இருந்தது. சேஸி நன்றாக இருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

எங்கள் வண்டி மாதம் சுமார் 1,500 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. மலையும் லோடும் சேர்ந்து லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கொடுக்கிறது. அதே வேலையில் புது வண்டி ஒன்பது கொடுக்கும் என்று, அதே வகை வண்டியை இதே பாதையில் ஓட்டுகிறவர்களிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன். கம்பெனி விளம்பரத்தில் சொல்லும் மைலேஜை நான் கணக்கில் சேர்க்கவில்லை. டீசல் லிட்டர் 92 ரூபாய் 50 காசு என்று வைத்தால், பழைய வண்டிக்கு மாதம் ஏறக்குறைய 19,800 ரூபாய், புதியதற்கு 15,400 ரூபாய், மிச்சம் 4,400. பத்து லட்சம் கடனை ஐந்து ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் வாங்கினால் மாதத் தவணை 21,000 ரூபாயைச் சற்றுத் தாண்டுகிறது. ஆக, டீசல் மிச்சம் தவணையில் ஐந்தில் ஒரு பங்குதான். ‘புது வண்டி எடுத்தால் டீசலிலேயே கட்டிவிடலாம்’ என்ற பேச்சு, மாதம் ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்குப் பொருந்தலாம்; அவர்களுக்கு அதே கணக்கில் மிச்சம் 17,600 ரூபாய் வரும். என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கு அது பொருந்தாது.

பராமரிப்பில்தான் வித்தியாசம் பெரியது. எஃப்சிக்கு முந்தைய டிங்கரிங், பெயிண்டிங், பிரேக் வேலை, ஸ்பிரிங் பட்டை, கிங் பின், கிளட்ச், ரேடியேட்டர் என்று ஏதாவது ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும் வண்டிக்குச் சராசரியாக ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் ஆகிறது. புது வண்டிக்கு முதல் சில ஆண்டுகளில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. மாதத்துக்கு ஏழாயிரம் ரூபாய் மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளலாம். வண்டி பட்டறையில் நிற்கிற நாட்களில் வெளி வண்டியை வாடகைக்கு அமர்த்தும் செலவு மாதச் சராசரியில் மூவாயிரத்துக்கு மேல். இவற்றையெல்லாம் கூட்டினாலும் மாதம் பதினைந்தாயிரத்தைத் தொடவில்லை. தவணைக்கு ஆறாயிரம் ரூபாய் பற்றாக்குறை.

வாடகைக்கு வண்டி அமர்த்தும் செலவை நான் எழுதினேனே தவிர, வண்டி நிற்பதன் முழுச் செலவு அதில் இல்லை. கான்கிரீட் போடும் நாளில் கொத்தனாரும் சித்தாள்களும் காலை ஏழு மணிக்கே வந்து நிற்பார்கள். சிமெண்ட் வரவில்லை என்றால் வீட்டுக்காரர் அன்றைய கூலியைச் சும்மா கொடுக்க வேண்டும். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லமாட்டார், அடுத்த லோடுக்கு வேறு கடைக்குப் போய்விடுவார். மலை மேல் இருப்பவர்களுக்கு அந்த வழியும் இல்லை. இதை ரூபாயில் எழுதத் தெரியாததால் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறோம்; ஆனால் தொழில் செய்கிறவர் மனதில் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமாக இருக்க வேண்டும்.

வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரி உட்பட 11 லட்சம் விலையுள்ள வண்டியில் ஏறக்குறைய 1,68,000 ரூபாய் ஜிஎஸ்டி. வழக்கமான முறையில் ஜிஎஸ்டி கட்டும் வணிகர், தம் தொழிலுக்காக வாங்கும் சரக்கு வாகனத்தின் மீதான இந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது தாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம். கார் வாங்கினால் பொதுவாக இந்த உரிமை இல்லை. அப்படி எடுத்துக்கொண்டால் அந்தத் தொகைக்கு வருமான வரியில் தேய்மானம் கோர முடியாது என்பது நிபந்தனை. விற்பனையில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இந்த வரவு கிடையாது. வரிக் குறைப்பின் நேரடிப் பலன் அவர்களுக்குத்தான். என்னைப் போல் வரவு எடுக்கிறவர்களுக்கு, வரி 28 ஆக இருந்தாலும் 18 ஆக இருந்தாலும் கடைசியில் கையிலிருந்து போகும் தொகை ஒன்றே. இந்த 1,68,000 ரூபாயை அறுபது மாதத்துக்குப் பரப்பினால் மாதம் 2,800 ரூபாய்; ஆறாயிரமாக இருந்த பற்றாக்குறை மூவாயிரத்தை ஒட்டிக் குறைகிறது.

காப்பீட்டில் எதிர்பார்த்த அளவுக்கு வித்தியாசம் இல்லை. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் வண்டியின் வயதைப் பார்ப்பதில்லை, மொத்த எடையைத்தான் பார்க்கிறது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த பட்டியலில் 7,500 கிலோ வரையான சரக்கு வாகனத்துக்கு 16,049 ரூபாய். புது வண்டிக்குச் சொந்தச் சேதத்துக்கான தொகை மட்டும் கூடுதல். எஃப்சி விஷயத்தில், எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதற்குப் பிறகு ஆண்டுதோறும் காட்ட வேண்டும் என்பது 2018 முதல் உள்ள விதி. பதினைந்து ஆண்டைத் தாண்டிய வணிக வாகனங்களுக்கான கட்டணத்தை 2021 அக்டோபரில் வந்த விதித் திருத்தம் கடுமையாக உயர்த்தியது. கனரக லாரிக்கு 12,500 ரூபாய் என்று அதில் நிர்ணயித்தார்கள். எங்கள் வண்டி எடை குறைந்த வகை என்பதால் அவ்வளவு இல்லை. கட்டணத்தைவிட எஃப்சிக்கு முந்தைய வேலைதான் எனக்குச் செலவு.

ஆக, வெறும் கணக்கில் பழைய வண்டியே மாதம் சில ஆயிரம் ரூபாய் லாபம். சேஸி நன்றாக இருந்திருந்தால் ஒன்றரை லட்சம் போட்டு என்ஜினைக் கட்டியிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குறைவாக ஓடுகிற, சமவெளியில் மட்டும் வேலை செய்கிற, அடிப்பகுதி துருப்பிடிக்காத வண்டி வைத்திருப்பவரை, வயதை மட்டும் காரணம் காட்டிப் புது வண்டிக் கடனுக்குள் தள்ளுவது சரியல்ல.

பிஎஸ்-6 வண்டிகளைப் பற்றிய பயம் எங்கள் பகுதியில் இன்னும் இருக்கிறது. அதில் உண்மையும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க 550 முதல் 600 டிகிரி வரை சூடு வேண்டும். கடையிலிருந்து நான்கு கிலோமீட்டர் போய், என்ஜினை ஓடவிட்டபடியே லோடு இறக்கி, திரும்பி வந்து நிற்கிற வண்டிக்கு அந்தச் சூடு கிடைப்பதில்லை. வடிகட்டி அடைத்துக்கொள்ளும், டேஷ்போர்டில் விளக்கு எரியும், இழுவை தானாகவே குறையும். வாரத்தில் சில நடையாவது மலையேறுகிற வண்டிக்கு இந்தத் தொந்தரவு குறைவு; ஏற்றத்தில் லோடோடு இழுக்கும்போது வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது. உள்ளூர் நடை மட்டும் உள்ளவர்கள், விளக்கு எரிந்ததும் வண்டியை நிறுத்தாமல் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீராக ஓட்டிவர டிரைவருக்குச் சொல்லி வைக்க வேண்டும். பல வண்டிகளில் யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டியிருக்கிறது. அது 32.5 சதவீதம் யூரியாவைத் தாது நீக்கிய தண்ணீரில் கலந்தது. வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றினால் அதன் உப்பும் கசடும் படிந்து அந்த அமைப்பே கெட்டுவிடும்.

பழைய மெக்கானிக்கால் எல்லாவற்றையும் பார்க்க முடியாது, ஸ்கேனர் மாட்ட வேண்டும், கம்பெனி சர்வீஸுக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த வடிகட்டி எதற்காக வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 இல் உறுதியாக வகைப்படுத்தியது. எங்கள் குடோனுக்குள் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தி லோடு ஏற்றும்போது அந்தப் புகையில் நிற்பவர்கள் எங்கள் ஆட்கள்தான். ஆண்டுக்கணக்கில் அவர்களுடைய இருமலைக் கேட்டவன் என்ற முறையில், வடிகட்டியால் வரும் தொந்தரவை ஏற்றுக்கொள்வதே சரி என்று நினைக்கிறேன். இன்னொரு நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் முதல் தயாராகும், மொத்த எடை மூன்றரை டன்னைத் தாண்டிய லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். சித்திரை வெயிலில் என்ஜின் சூடு காலடியில் அடிக்க, ஒரே ஆளாக எழுபது வளைவு ஓட்டுகிறவருக்கு அது சொகுசு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இடையில் 2018 மாடல் பிஎஸ்-4 வண்டி ஒன்றைப் பழைய வண்டியாக எடுக்கலாமா என்றும் பார்த்தேன். பாதி விலை, பழகிய தொழில்நுட்பம் என்று அதற்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் பழைய வண்டிக் கடனுக்கு வட்டி கூடுதல், ஆண்டுதோறும் எஃப்சி என்ற கட்டம் உடனே வந்துவிடும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தச் சேஸி யாரிடம் என்ன சுமந்தது என்று தெரியாது. பாடியை இறக்கிப் பார்க்க எந்த உரிமையாளரும் சம்மதிக்கவில்லை. மூன்று டன்னுக்குக் குறைவான மொத்த எடையுள்ள சிறு வண்டிகளுக்குப் பெர்மிட் தேவையில்லை என்பது வசதிதான். ஆனால் ஐம்பது மூட்டைக்கு இரண்டு நடை மலையேற வேண்டும் என்பதால் அதையும் விட்டேன்.

பழைய வண்டியை என்ன செய்வது என்பதில்தான் வீட்டில் நீண்ட நேரம் பேசினோம். செங்கல் சூளைக்கு ஓட்டிக்கொள்கிறேன் என்று ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார். விரிசலைச் சொன்ன பிறகும், ‘பரவாயில்லை, வெல்டு வைத்துக்கொள்கிறேன்’ என்றார். எங்கள் டிரைவரை எந்தச் சேஸியில் ஏற்ற மாட்டேன் என்று முடிவு செய்தேனோ, அதில் இன்னொருவருடைய டிரைவர் ஏறுவதற்கு நான் விலை வாங்கக் கூடாது என்று அப்பா சொன்னார்; எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. உள்ளூர் உடைப்புக் கடையில் கிலோக் கணக்கில் கூடுதலாகவே தருவதாகச் சொன்னார்கள், ஆனால் பதிவுச் சான்றிதழை ரத்து செய்வதைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் அப்படித்தான். நம் பெயரில் உயிரோடு இருக்கும் ஒரு சேஸி எண் வேறு எந்த வண்டியில் போய் ஏறும் என்று யாரால் சொல்ல முடியும்?

ஆகவே 2021 செப்டம்பரில் வந்த விதிகளின்படி பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்துக்கே கொடுக்கிறோம். அங்கே கொடுக்கும் ஒப்படைப்புச் சான்றிதழைக் காட்டினால் புது வண்டிப் பதிவில் சலுகை உண்டு. வணிக வாகனங்களுக்குச் சாலை வரியில் 15 சதவீதம் வரை மாநிலங்கள் சலுகை தரலாம் என்று மத்திய அரசின் விதி சொல்கிறது. சில நிறுவனங்கள் அந்தச் சான்றிதழுக்குத் தனித் தள்ளுபடியும் தருகின்றன. விலை பேசும்போதே அதைக் கேட்டுவிட வேண்டும், பில் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை. ஒப்படைக்கும் முன் வரி நிலுவை, அபராதம், வங்கிக் கடன் குறிப்பு மூன்றும் பதிவேட்டில் இல்லை என்பதைச் சரிபார்த்துக்கொள்வதும் நல்லது. பத்து ஆண்டுக்கு முன் அடைத்த கடனின் குறிப்பு எங்கள் ஆர்சியில் இன்னும் நீங்காமல் இருந்ததால், தடையின்மைச் சான்றிதழுக்காக வங்கிக்கு இப்போது நடந்துகொண்டிருக்கிறோம்.

புது வண்டியை, கம்பெனி பாடியோடு எடுக்காமல் கேபின் சேஸியாக எடுத்து நாமக்கல்லில் பாடி கட்டக் கொடுத்திருக்கிறேன். பக்கப் பலகைகள் மூன்று புறமும் இறங்க வேண்டும் என்பது எல்லாரும் கேட்பதுதான். நான் தனியாகக் கேட்டவை வேறு: நீளக் கட்டைக்கும் சேஸிக்கும் நடுவே முழு நீளத்துக்கும் ரப்பர் பட்டை வைக்க வேண்டும், தரைத் தகட்டின் தண்ணீர் சேஸி மேல் விழாமல் ஓரங்களில் வடிய வழி வேண்டும், சேஸியின் மேல் கீழ் மடிப்புகளில் ஒரு துளைகூடப் போடாமல் யு-போல்ட்டிலேயே பாடியைப் பிடிக்க வேண்டும், சேஸியில் எந்த இடத்திலும் வெல்டு வைக்கக் கூடாது. பட்டறைக்காரர் கூலி கொஞ்சம் கூடும் என்றார். சரி என்று சொல்லி, நான்கையும் முன்பண ரசீதிலேயே எழுதி வாங்கியிருக்கிறேன்.